சுறாவும் விளக்கும்: கடலடிப் புகைப்படக் கலையில் ஒளியின் இடம்

கண்ணால் காணாத ஒன்றுக்கு அஞ்சுவது மாந்தர் இயல்பு. சுறா மீனைப் பற்றிய நம் அச்சமும் அவ்வகையினதே. நம்மில் பெரும்பாலோர் உயிருள்ள சுறாவை அது வாழும் இடத்தில் கண்டவரல்லர். நாம் கண்டவை சந்தையில் துண்டுபட்டுக் கிடக்கும் சுறாவும், திரைப்படத்தில் வாயைப் பிளந்து வரும் சுறாவுமே. இவ்விரண்டும் அல்லாத மெய்யான சுறாவை நமக்குக் காட்ட வல்லது, கடலுக்குள் இறங்கி எடுக்கப்பட்ட நல்ல புகைப்படம் ஆகும்.

புகைப்படம் என்பது ஒளியால் எழுதப்படும் எழுத்து. கடலுக்குள்ளோ ஒளி குறைவு. ஆகவே விளக்கைக் கொண்டு செல்ல வேண்டும் என்பது எவர்க்கும் தோன்றும். எனினும், விளக்கு மிகுந்தால் படம் சிறக்கும் என்று எண்ணுவது பிழை. நீரின் இயல்பு, சுறாவின் உடல், சுறாவின் புலன்கள் ஆகிய மூன்றையும் அறிந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவே ஒளியூட்டுவதும், வேண்டாத இடத்தில் விளக்கை அணைத்து வைப்பதுமே இக்கலையின் உயிர்நாடி. அஃது எவ்வாறு என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நீர் ஒளியை விழுங்கும் முறை

ஞாயிற்றின் வெள்ளொளியில் எல்லா நிறங்களும் கலந்துள்ளன என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. நீர் இந்நிறங்களை ஒரே வகையாக நடத்துவதில்லை. சிவப்பை விரைந்து விழுங்குகிறது. நீலத்தை நெடுந்தொலைவு செல்ல விடுகிறது. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி தூய நீரில் ஒரு மீட்டர் செல்வதற்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு குறைந்துவிடும். 10 மீட்டர் சென்றபின் எஞ்சுவது நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கே. 450 நானோமீட்டர் நீல ஒளியோ 10 மீட்டர் சென்றாலும் பத்தில் ஒரு பங்கைக்கூட இழப்பதில்லை. ஆழத்தில் அடிபட்ட மீனின் குருதி சிவப்பாகத் தோன்றாமல் கரும்பச்சையாகத் தோன்றுவதும், ஆழ்கடற் படங்களெல்லாம் நீலம் பூசினாற்போல் இருப்பதும் இதனாலேயே.

இழந்த நிறத்தை மீட்பதற்கே முக்குளிப்போர் விளக்கைக் கொண்டு செல்கின்றனர். ஆனால் அவ்விளக்கின் ஒளியையும் நீர் விட்டுவைப்பதில்லை. சுறா 2 மீட்டர் தொலைவில் இருந்தால், விளக்கிலிருந்து சுறாவுக்கு 2 மீட்டரும், சுறாவிலிருந்து காமிராவுக்கு 2 மீட்டருமாக ஒளி 4 மீட்டர் நீரைக் கடக்க வேண்டும். அதற்குள் சிவப்பில் கால் பங்கே எஞ்சும். அன்றியும், விளக்கிலிருந்து தொலைவு இரு மடங்கானால் பொருளின்மேல் விழும் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது இயற்பியல் விதி. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், 1 மீட்டரில் உள்ள சுறாவிடமிருந்து கிடைக்கும் சிவப்பொளியில் எட்டில் ஒரு பங்கே 2 மீட்டரில் உள்ள சுறாவிடமிருந்து கிடைக்கும். எவ்வளவு வலிய விளக்காயினும் இக்கணக்கிலிருந்து தப்ப இயலாது.

மற்றொரு மயக்கமும் உண்டு. நீரில் ஒளி முறிவதால், கண்ணாடி முகமூடி வழியே காண்போர்க்கு 4 மீட்டரில் உள்ள பொருள் 3 மீட்டரில் இருப்பது போலத் தோன்றும். ‘சுறா அண்மையில் வந்துவிட்டது’ என்று எண்ணி எடுக்கும் படம், கருநீலப் பரப்பில் சாம்பல் நிழலாய் முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆதலால் தேர்ந்தவர்கள் அகன்ற பார்வையுடைய வில்லையைப் பொருத்தி, சுறா தானாகவே ஓரிரு மீட்டர் அண்மையில் வரும்வரை காத்திருப்பர். விளக்கின் வலிமையைக் கூட்டுவதைவிட இடைநீரைக் குறைப்பதே மேல் என்பது அவர்கள் கண்ட முதற் பாடம்.

கடலுக்கு ஒளி கொண்டு சென்றோர்

இக்கலையின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. பிரான்சின் தென்கரையில் பன்யூல்ஸ் என்னும் ஊரிலுள்ள ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய லூயி பூத்தான் என்ற விலங்கியல் அறிஞர் 1893-இல் கடலுக்கடியில் புகைப்படம் எடுத்தார். உயிர்வளி நிரப்பிய பெரிய பீப்பாயின்மேல் ஒரு சாராய விளக்கை வைத்து, அதன் சுடர்மீது மக்னீசியத் தூளை ஊதி, பளிச்சென்ற ஒளியை உண்டாக்கும் கருவி அவருக்காகச் செய்யப்பட்டது.

1926-இல் அமெரிக்காவின் புளோரிடாவை அடுத்த டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளில் லாங்லி என்ற அறிஞரும் சார்லஸ் மார்ட்டின் என்ற புகைப்படக் கலைஞரும் முதன்முதலாகக் கடலடி வண்ணப் படங்களை எடுத்தனர். மிதவையொன்றில் மக்னீசியத் தூளைக் குவித்து வெடிக்கச் செய்து, அவ்வொளி நீரில் பாயும் கணத்தில் படமெடுத்தனர். ஒருமுறை தூள் முந்தி வெடித்து லாங்லி கடுந் தீப்புண் அடைந்தார். அப்படங்கள் 1927 சனவரியில் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழில் வெளிவந்தன.

தூளும் தீயும் தேவையற்றுப் போகச் செய்தவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்டன். மின்சாரத்தைச் சேமித்து வைத்து, வளிமம் நிறைந்த கண்ணாடிக் குழாயில் ஒரு நொடிக்கும் மிகச் சிறிய நேரத்தில் பாய்ச்சி, மின்னல் போன்ற ஒளியைப் பெறும் முறையை அவர் 1930-களில் வளர்த்தெடுத்தார். 1953 முதல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் குஸ்தோவுடன் சேர்ந்து அவ்வொளியை ஆழ்கடலுக்குக் கொண்டு சென்றார். இதனையே புகைப்படக்காரர் ‘ஸ்ட்ரோப்’ என்பர். நாம் இதனை ‘மின்னல் விளக்கு’ என்றும், திரைப்படத்திற்கெனத் தொடர்ந்து எரியும் விளக்கை ‘நிலைவிளக்கு’ என்றும் வழங்குவோம்.

ஈண்டு ஒன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். 1956-இல் வெளிவந்து கான் திரைப்பட விழாவில் முதற் பரிசு பெற்ற குஸ்தோவின் ‘மௌன உலகம்’ என்னும் படம், கடலின் வண்ணங்களை விளக்கொளியில் உலகுக்குக் காட்டியது. அதே படத்தில், இறந்த திமிங்கிலக் கன்றைத் தின்ன வந்த சுறாக்களைக் கப்பலிலிருந்தோர் இழுத்துப் போட்டு அடித்துக் கொல்லும் காட்சியும் உண்டு. கடலை ஒளியால் திறந்து காட்டியவர்களே சுறாவைப் பகையாகக் கண்ட காலம் அது. கருவி வளர்ந்த அளவுக்குப் பார்வை வளரவில்லை.

பனிபோல் விழும் புள்ளிகள்

நீரில் விளக்கேற்றுவோர் முதலில் சந்திக்கும் இடர், படம் முழுவதும் பனித்துளி தூவினாற்போல் வெண்புள்ளிகள் நிறைந்துவிடுவது. கடல்நீர் எவ்வளவு தெளிவாகத் தோன்றினும் அதில் நுண்ணுயிர்களும் மணல் துகள்களும் மிதந்துகொண்டே இருக்கும். விளக்கு காமிராவின் வில்லையை ஒட்டி இருந்தால், இடையிலுள்ள துகள்கள் அவ்வொளியை நேரே வில்லைக்குத் திருப்பி அனுப்பும். இதனைப் ‘பின்சிதறல்’ எனலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே எளிதிற் காட்டலாம். ஒரு பெரிய கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, இரண்டு மூன்று துளி பாலைக் கலந்து, பின்னால் ஒரு நாணயத்தை நிறுத்துக. டார்ச் விளக்கைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் நீர் வெண்படலமாய்த் தோன்றி நாணயத்தை மறைக்கும். அவ்விளக்கையே குவளையின் பக்கவாட்டில், நாணயத்தை ஒட்டிப் பிடித்தால் நாணயம் தெளிவாகும். விளக்கு அதுவே, நீரும் அதுவே. மாறியது இடம் ஒன்றுதான்.

இவ்வுண்மையின்படியே முக்குளிப்போர் காமிராவின் இருபுறமும் நீண்ட கைகளைப் பொருத்தி, அவற்றின் நுனியில் மின்னல் விளக்குகளை அமைக்கின்றனர். விளக்குகள் வில்லைக்குச் சற்றுப் பின்தங்கியும், சிறிதே வெளிப்புறம் நோக்கியும் இருக்கும். ஒளிக்கற்றையின் உள்விளிம்பு மட்டுமே சுறாவைத் தொடும்; காமிராவுக்கும் சுறாவுக்கும் இடைப்பட்ட நீர் பெரும்பாலும் இருளில் இருக்கும். ஒளி படாத துகள் படத்தில் தெரியாது. சுறா அண்மையில் வர வர, கைகளை உள்ளே மடக்க வேண்டும். இல்லையேல் சுறாவின் நடுவுடல் இருண்டு, ஓரங்கள் மட்டும் ஒளிபெறும்.

சுறாவின் உடல் தரும் சோதனை

பெரும்பாலான சுறாக்களின் முதுகு கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் இருக்கும். மேலிருந்து நோக்கும் கண்ணுக்கு ஆழத்தின் கருமையோடும், கீழிருந்து நோக்கும் கண்ணுக்கு வானத்தின் வெளிச்சத்தோடும் கலந்து மறைவதற்கு இயற்கை அளித்த போர்வை அது. ஒளியூட்டுவோர்க்கோ இஃது ஒரு சோதனை. முதுகு தெரியும் அளவுக்கு விளக்கைக் கூட்டினால், வெண்வயிறும் தாடையும் வெளிறி, சுண்ணாம்பு பூசியது போலாகும். செவுள் பிளவுகளும் தோலின் மென்மடிப்பும் அழிந்துபோகும். அழிந்த வெண்மையை எவராலும் பின்னர் மீட்க இயலாது.

ஆதலால் விளக்கின் முழு வலிமையைப் பயன்படுத்தாமல், பாதி அல்லது கால் பங்குக்குக் குறைத்து, விளக்குகளைச் சற்று உயர்த்திப் பிடிப்பதே முறை. வெண்மணல் தரையில் ஞாயிற்றொளி மேல்நோக்கித் திரும்பி வயிற்றில் படும். அங்கு இன்னும் குறைத்தல் வேண்டும்.

பின்புலத்து நீலத்தைப் பெறுவதும் ஒரு நுட்பமே. மின்னல் விளக்கின் ஒளி ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நிற்கும். காமிராவின் திரை 60-இல் ஒரு வினாடி திறந்திருப்பினும், 125-இல் ஒரு வினாடி திறந்திருப்பினும், அவ்வொளி முழுவதும் உள்ளே புகுந்துவிடும். ஞாயிற்றொளியோ திரை திறந்திருக்கும் நேரத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். எனவே, திரையின் நேரத்தால் கடலின் நீலத்தையும், வில்லைத் துளையின் அகலத்தாலும் விளக்கின் வலிமையாலும் சுறாவின் உருவத்தையும் தனித்தனியே அளந்து கொள்ளலாம். ஒரே படத்தில் இரண்டு ஒளிகளை இசைவிப்பது இது. முதலில் விளக்கின்றிக் கடலை அளந்து, பின்னர் அதற்கேற்ப விளக்கைச் சேர்ப்பதே நல்லாசிரியர் கற்பிக்கும் ஒழுங்கு. நண்பகலில், மேற்பரப்பை ஒட்டிய ஆழமற்ற நீரில் விளக்கே தேவையில்லை, ஞாயிறே போதும்.

சுறா ஒளியை எவ்வாறு உணர்கிறது?

இதுவரை காமிராவின் பக்கம் நின்று பேசினோம். இனிச் சுறாவின் பக்கம் நிற்போம். சுறாவின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்றதொரு படலம் உண்டு. விழித்திரையைக் கடந்துபோன ஒளியை அது திருப்பி அனுப்பி, மீண்டும் ஒருமுறை பார்க்கச் செய்யும். பூனையின் கண் இருளில் ஒளிர்வதும் இத்தகைய படலத்தாலேயே. மங்கிய ஒளியில் வேட்டையாடும் விலங்குக்கு இது பெருந்துணை. மிகுந்த ஒளியைத் தாங்கவும் வழியுண்டு: சுறாவின் கண்மணி சுருங்கும், பல இனங்களில் கரிய நிறமி பரவி அப்படலத்தை மூடிக்கொள்ளும். ஆயினும் இவை உடனே நிகழ்வன அல்ல; இருளுக்குப் பழகிய கண்ணில் திடீரெனப் பாயும் மின்னலை இவற்றால் தடுக்க இயலாது.

நிறமறியும் ஆற்றலைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலிய ஆய்வாளர் நேதன் ஹார்ட்டும் அவர் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. அவர்கள் ஆராய்ந்த 17 இனச் சுறாக்களில் 10 இனங்களின் விழித்திரையில் நிறமறியும் கூம்புச் செல்களே காணப்படவில்லை; ஏனைய ஏழிலும் ஒரே வகைக் கூம்பே இருந்தது. எனவே சுறாக்கள் பல நிறக்குருடாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நிறத்தைவிட ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடே சுறாவுக்கு முதன்மையானது என்று இதனால் உணரலாம்.

கண்ணினும் வியப்பானது மற்றொரு புலன். சுறாவின் மூக்கைச் சுற்றிலும் கூழ் நிறைந்த நுண்துளைகள் உள்ளன. இத்தாலிய அறிஞர் லொரென்சினி 1678-இல் விவரித்தமையால் இவை அவர் பெயரால் வழங்குகின்றன. இவற்றால் சுறா மிகமிக நுண்ணிய மின்புலத்தையும் உணரும். மணலுக்கடியில் புதைக்கப்பட்ட மின்முனைகளைச் சுறா தேடி வந்து தோண்டுவதை கால்மைன் என்ற ஆய்வாளர் 1971-இல் காட்டினார். உப்புநீரில் மூழ்கிய உலோகமும் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்கும். சுறா அண்மையில் வந்து விளக்கையோ காமிராவையோ மூக்கால் முட்டிப் பார்ப்பதை முக்குளிப்போர் பலர் கண்டுள்ளனர். அதனைச் சினம் என்று கொள்ளாமல், ஆராயும் செயல் எனக் கொள்வது பொருந்தும்.

விரட்டுமா, ஈர்க்குமா?

விளக்கைக் கண்டு சுறா ஓடுமா, பாயுமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. ஒரே சொல்லில் விடை கூறுவதற்கில்லை. 2018-இல் வெளியான ஆய்வொன்றில், மின்னி மின்னி அணையும் விளக்கு, தொட்டியில் வளர்ந்த போர்ட் ஜாக்சன் சுறாவையும் எபொலெட் சுறாவையும் இரையை அணுகாமல் தடுத்தது. ஆனால் கடலிலுள்ள வெள்ளைச் சுறாவை அவ்விளக்கு மட்டும் சிறிதும் அசைக்கவில்லை. மாறாக, 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வில், தென்னாப்பிரிக்காவின் மோசல் விரிகுடாவில், கடல்நாய் வடிவப் பொம்மைகளின் அடிப்பகுதியில் தொடர்ந்து எரியும் விளக்குகளைப் பொருத்திப் படகால் இழுத்தபோது வெள்ளைச் சுறாக்களின் தாக்குதல் குறைந்தது. விளக்கு வயிற்றின் கரிய நிழலை அழித்ததால், கீழிருந்து நோக்கிய சுறாவுக்கு உருவம் புலப்படவில்லை என்பதே ஆய்வாளர் கூறும் விளக்கம்.

இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் வேறுபடும் என்பதே இவற்றால் பெறப்படும் உண்மை. ஆகவே விளக்கைக் காப்பாகக் கொள்வதும் தவறு. தூண்டிலாகக் கொள்வதும் தவறு.

இரவில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். நம் சபா மாநிலத்துச் சிப்பாடான் தீவைச் சுற்றியும் காணப்படும் வெண்முனைச் சுறா, பகலில் பாறையடியில் ஓய்ந்து கிடந்து, இரவில் வேட்டைக்குப் புறப்படும். பசிபிக் கடலில் கொஸ்தாரிக்காவுக்குரிய கோகோஸ் தீவில் இரவில் இறங்குவோர், தம் கைவிளக்கின் ஒளி விழும் இடத்திலேயே இச்சுறாக்கள் மீனைப் பிடிப்பதைக் கண்டு கூறியுள்ளனர். ஒளிபட்ட சிறுமீன் திகைத்து நிற்க, வேட்டைக்காரனுக்கு வழி காட்டியவராகிறார் விளக்கேந்தியவர். பார்க்க வந்தவர் அங்கே பங்காளியாகி விடுகிறார்.

ஆயினும் இரவு விளக்கால் அறிவு பெருகியதும் உண்டு. பிரெஞ்சுப் பொலினீசியாவின் ஃபக்கராவா பவளத் தீவின் தென்வாயிலில் களவா மீன்கள் முட்டையிட ஆயிரக்கணக்கில் கூடும். அங்கே ஏறத்தாழ 700 சாம்பற் சுறாக்கள் வரை திரள்வதை 2016-இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. லோரான் பலெஸ்தா என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவர் குழுவினரும் இரவில் கூண்டின்றி இறங்கி எடுத்த படங்கள், அச்சுறாக்கள் இருளில் வேட்டையாடும் முறையை உலகுக்குக் காட்டின. பயன் எது, இடையூறு எது என்பதை நோக்கமும் அளவும் முடிவு செய்கின்றன.

விளக்கை அணைக்க வேண்டிய இடம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ கடற்பகுதியில் திமிங்கிலச் சுறாவோடு நீந்துவோர்க்கு விதிகள் உள்ளன. உடலிலிருந்து 3 மீட்டரும் வாலிலிருந்து 4 மீட்டரும் விலகி நிற்றல் வேண்டும்; மின்னல் விளக்கு கூடவே கூடாது. மீன் இனங்களிலெல்லாம் பெரியதாகிய இச்சுறா, நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ண மேற்பரப்புக்கு வருவது. அங்கே ஞாயிற்றொளி நிறைந்திருக்கிறது. 3 மீட்டருக்கு அப்பால் விளக்கால் நிறமும் மீளாது. இடையூறு உண்டு, பயன் இல்லை என்னும்போது விதி பொருத்தமானதே.

விளக்கில்லாமல் எடுத்த அப்படங்களே பேரறிவுக்கு வழிசெய்தன. திமிங்கிலச் சுறாவின் தோலிலுள்ள வெண்புள்ளிகளின் அமைப்பு, நம் கைரேகை போல ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். வானியலார் விண்மீன் கூட்டங்களை ஒப்பிடப் பயன்படுத்திய கணக்கு முறையைக் கொண்டு, இப்புள்ளிகளை ஒப்பிட்டு ஒவ்வொரு சுறாவையும் அடையாளங் காணும் வழியை மூவர் 2005-இல் வெளியிட்டனர்: கணினி வல்லுநர் ஒருவர், விண்ணியற்பியலார் ஒருவர், கடலுயிர் ஆய்வாளர் ஒருவர். செவுளுக்குப் பின்னுள்ள பகுதியைத் தெளிவாகக் காட்டும் ஒரு படம் போதும். அம்மீன் மீண்டும் எங்கு, எந்த ஆண்டில் தோன்றினாலும் அறியலாம். வலையும் வேண்டா, தூண்டிலும் வேண்டா.

படத்தின் கடமை

இத்துணை நுட்பம் எதற்கு என்று வினவலாம். 2021-இல் வெளியான ஆய்வின்படி, 1970-க்கும் 2018-க்கும் இடையில் ஆழிப்பெருங்கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் நூற்றுக்கு 71 பங்கு குறைந்துவிட்டன. மிகையாகப் பிடிப்பதே இதற்குத் தலையாய காரணம். நம் நகரங்களின் விருந்துகளில் சுறாத் துடுப்புச் சாறு நெடுங்காலம் பெருமையாகக் கருதப்பட்டதை நாம் அறிவோம். ஓர் உயிரை அரக்கனாகவோ உணவாகவோ மட்டும் காண்பவர் அதன் அழிவுக்கு வருந்தமாட்டார்.

ஆகவே சுறாவைப் படமெடுப்போன் சுமந்து செல்லும் விளக்கு வெறுங் கருவியன்று. முகத்துக்கு நேரே வலிய ஒளியைப் பாய்ச்சி, வெளிறிய பற்களையும் மிரண்ட கண்ணையும் காட்டினால் பழைய அச்சமே வளரும். அண்மையில் காத்திருந்து, பக்கவாட்டில் அளவோடு ஒளியூட்டி, அதன் தோலின் நிறத்தையும் நீந்தும் அமைதியையும் உள்ளவாறு காட்டினால் அறிவு வளரும். அதன் வாழ்வுக்கு இடையூறாகும் இடத்தில் விளக்கை அணைத்தால் அறமும் வளரும். இம்மூன்று நிலைகளையும் பிரித்தறிந்து, தம் மாணவர்க்கு ஒரு சுறாப் படத்தைக் காட்டும்போதே அது எவ்வொளியில், எத்தொலைவில் எடுக்கப்பட்டது என்று கேட்கப் பழக்குவது, ஆசிரியர்கள் செய்யத்தக்க நற்பணியாகும்.